வெள்ளிக்கிழமை இறால்

சவரிராஜுக்குக் குடும்பம் என்றால் ஒன்பது வருஷமாகக் கடிதம்தான். ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை, ஆறு பேரோடு ஒரே அறையில் படுக்கை. திண்டுக்கல்லுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மனைவி அற்புதமேரியின் கடிதம் மாதம் தவறாமல் வந்துவிடும். ‘இங்கு நானும் பிள்ளைகளும் நலம்’ என்று ஆரம்பித்து, அதையே வேறு விதமாகச் சொல்லி முடியும். மனிதரும் அதை நம்பி, நெருப்புப்பொறிக்கு நடுவே நிம்மதியாக இருந்தார்.

1981-இல்தான் நிரந்தரவாசம் கிடைத்து, ஜூரோங்கிலேயே ஒரு வாடகை வீடும் அமைந்து, குடும்பத்தை அழைத்துக்கொண்டார். மகன் இயேசுதாசனுக்குப் பதினொரு வயது, மகள் ஆனிக்கு எட்டு. இடையில் இரண்டே தடவை லீவில் போய் வந்த தகப்பன் அவர். பிள்ளைகள் அவரைப் பள்ளிக்கூடத்துக்கு வந்த இன்ஸ்பெக்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவர் கூடத்துக்கு வந்தால் அடுப்படிக்குப் போவார்கள், அடுப்படிக்கு வந்தால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போவார்கள்.

அதற்கு அவரும் ஒரு காரணம். வந்த முதல் வாரமே ஒரு சட்டம் போட்டுவிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் சொல்லிச் சிலுவை போட்டுவிட்டால் அது ஆண்டவர் தந்த சோறு. அதற்கப்புறம் வாயைத் திறந்து பேசக் கூடாது, வைத்ததில் ஒரு பருக்கையை ஒதுக்கக் கூடாது. பட்டினி கிடந்து வளர்ந்தவர் போட்ட சட்டம் அப்படித்தான் இருக்கும். பிள்ளைகள் வாயே திறக்காமல் சாப்பிட்டார்கள். அவருக்கோ, இதுகள் நம்மிடம் ஒட்டவே ஒட்டாதோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு கிடைத்தது. அற்புதமேரி எலெக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரிக்கு மத்தியான ஷிஃப்ட் போயிருந்தாள். இன்றைக்கு விட்டால் என்றைக்கு என்று பிள்ளைகளுக்கு நல்ல உடுப்பு மாட்டி, இரண்டு பஸ் மாறி, சிராங்கூன் சாலைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு சந்தில், அவர் ஒன்பது வருஷமாகக் கைநனைக்கும் சாப்பாட்டுக் கடை. பரிமாறுகிற நாகூர் கனிக்கு அவருடைய நாக்கே அத்துப்படி.

“வாங்கண்ணே! இதுகதான் நம்ம பிள்ளைகளா? உக்காருங்க லா. கோழி பிரியாணி மூணு போடவா?”

“இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பாய். சுத்தபோசனம். எங்களுக்குக் கறி கூடாது.”

பிரியாணி என்ற சொல்லுக்கு விரிந்த இரண்டு முகங்களும் சுருங்கிப்போயின. சவரிராஜுக்குப் பொறுக்கவில்லை. கடலில் இருப்பது கறிக் கணக்கில் வராதே! “பெரிய இறாலா பாத்து வறுத்துக் கொண்டாங்க. பிள்ளைகளுக்குக் கூடவே வைங்க” என்றார். கனி உள்ளங்கை அகல இறாலாகத் தட்டு நிறைய வறுத்துக் கொண்டுவந்து வைத்தார். ஆனியின் இலையில் சவரிராஜே தன் கையால் ஐந்து எடுத்துப் போட்டார். அவளுக்குத் தன் கையால் அவர் பரிமாறிய முதல் சாப்பாடு அது.

ஜெபம் சொல்லிச் சிலுவை போட்டார்கள். ஆனி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அப்பாவைப் பார்த்து, “அப்பா, பாப்பாவுக்கு...” என்று ஆரம்பித்தான்.

“ஜெபம் முடிஞ்சாச்சு. என்ன பேச்சு?”

அவன் வாயை மூடிக்கொண்டான். ஆனி மெதுவாக ஒரு இறாலை எடுத்து மென்றாள். பிறகு இன்னொன்று. சவரிராஜுக்கு வயிறு நிறைந்துபோயிற்று. ஐந்தையும் அவள் ஒதுக்காமல் தின்றாள்.

“அண்ணே! பிள்ளை மூஞ்சியைப் பாருங்கண்ணே!” என்று அலறினார் கனி.

ஆனியின் உதடு தடித்துத் தொங்கியது. கண்கள் கோடாகிவிட்டன. மூச்சு உள்ளே போக வழியில்லாமல் கீச்சென்று கத்தியது. எட்டு மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கி வேலை பார்த்த சவரிராஜ், நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கனிதான் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடி, டாக்ஸியை மறித்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டே டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார், இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா என்று.

“நோ லா, டாக்டர். நெவர்!” அடித்துச் சொன்னார் சவரிராஜ்.

பின்னாலிருந்து இயேசுதாசன் அவருடைய சட்டையை இழுத்தான். “வந்திருக்குப்பா. சித்தி வீட்டுக் கல்யாணத்துல இறால் கருவாட்டுக் குழம்பு சாப்ட்டு இப்படித்தான் ஆச்சு. கடைசி ஜெபம் சொல்லச் சாமியாரெல்லாம் வந்துட்டாரு.”

சவரிராஜ் இடிந்துபோனார். “ஏண்டா கடையிலயே சொல்லலை?”

“சொல்ல வந்தேன். நீங்கதான் ஜெபம் முடிஞ்சாச்சுன்னீங்க.”

ஒரு மணி நேரத்தில் மூச்சு சீரானது. பிழைத்துக்கொள்வாள், வீக்கம் வடிய இரண்டு மூன்று நாளாகும் என்றார் டாக்டர். கனி போன் போட்டுச் சொல்ல, அற்புதமேரி ஃபாக்டரிச் சட்டையோடு ஓடிவந்தாள். மகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் நிமிர்வதற்குள் சவரிராஜ் பாய்ந்தார்.

“பெத்த பிள்ளை சாகக் கிடந்திருக்கா! ஒரு வரி எழுதக் கூடாதா உனக்கு?”

“எழுதி? அந்தரத்துல தொங்கிக்கிட்டு நெருப்பு வேலை பாக்குற மனுஷன். அதைப் படிச்சுட்டு மறுநாள் கயித்துல ஏறினா கை நடுங்காதா? எந்த வீட்டுலயும் எழுத மாட்டாங்க. நானும் எழுதலை.”

“இங்க வந்து நாலு மாசமாச்சே, சொல்லியிருக்கலாமே?”

“நம்ம வீட்டுல இறாலே வாங்குறதில்லையே. நீங்க கடைக்குக் கூட்டிட்டுப் போவீங்கன்னு கண்டேனா?” என்றவள் அழுதுவிட்டாள்.

அவருக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது. “இது நடந்தது எப்ப?”

“பாப்பா போட்டோ வேணும்னு கேட்டு எழுதினீங்களே, அந்த மாசம்தான். கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரரு ஊர்ல மூணு நாள்தான் இருந்தாரு. அவரை விட்டா ஆளில்லை. அதான், வீக்கம் வடியறதுக்கு முந்தியே புதுச் சட்டை போட்டு நிக்க வெச்சேன்.”

சவரிராஜ் பர்ஸை எடுத்தார். மூன்று வருஷமாக அதில்தான் அந்தப் போட்டோ இருக்கிறது. அறையில் இருந்த ஆறு பேருக்கும், பட்டறையில் எத்தனையோ பேருக்கும் காட்டியிருக்கிறார். ‘நான் அனுப்புற காசு எங்க போகுதுன்னு பாருங்கடா, என் பொண்ணு கன்னத்தைப் பாருங்கடா’ என்று காட்டியிருக்கிறார். படுக்கும்போது அந்தக் கன்னத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் படுப்பார்.

போட்டோவைக் கட்டில் பக்கத்தில் பிடித்து, படுத்திருந்த மகளின் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.