கேட்காமல் போட்ட இலை

அரங்கநாதன் மளிகைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் எவனும் கெட்டுப்போனதில்லை. அவராகக் கூப்பிட்டு இலை போட்டால்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும். சிறுவாச்சூர்ப் பக்கம் இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

கடை, சிறுவாச்சூரிலிருந்து பெரம்பலூர் போகும் ரோட்டோரம் இருந்தது. முன்பக்கம் பருப்பு மூட்டையும் புளிக் கூடையும் எண்ணெய் டின்னும். பின்பக்கம் தகரக் கொட்டகையில் மூன்று பெஞ்சு. சாமான் சீட்டை நீட்டிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தால், அரங்கநாதன் பொட்டலம் கட்டி முடிப்பதற்குள் நாலு இட்லியைச் சாப்பிட்டு விட்டுக் கை கழுவலாம். சமையல் அவர் சம்சாரம் சின்னம்மாள். திங்களும் வெள்ளியும் காளி கோயில் நடை திறக்கும் நாள். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடும் உண்டு. சின்னம்மாளின் கத்திரிக்காய்ச் சாம்பாருக்காகவே உப்பு வாங்குகிற சாக்கில் வந்து உட்காருகிறவர்கள் இருந்தார்கள். பொய்யில்லை, அப்படி ஒரு கை அவளுக்கு.

தொண்ணூற்றாறில் கடைக்கு போன் வந்தது. சுற்றுப்பட்டில் வேறு போன் கிடையாது. வெளியூரில் பிள்ளையை வைத்திருந்தவர்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் எல்லாரும் இந்த நம்பரைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். குழந்தை பிறந்தது, பெண் பார்க்க வருகிறார்கள் என்று நல்ல சேதியும் வந்தது. சாவுச் சேதியும் வந்தது. அதைச் சொல்லுகிற பாவம் அரங்கநாதன் தலையில் விழுந்தது.

முதல் சாவுச் சேதி அமாவாசை என்கிறவனுக்கு. கிணறு வெட்டுகிறவன், நல்ல உழைப்பாளி. விக்கிரமங்கலத்தில் அவன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று போன். அரங்கநாதன் ஆளனுப்பி வரவழைத்து, வந்தவனிடம் பட்டென்று சொல்லிவிட்டார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் மண் சுமந்தவன், நின்ற இடத்திலேயே சரிந்தான். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பிணம் எடுக்கிற வரைக்கும் பட்டினி கிடந்து, சுடுகாட்டில் மறுபடி மயங்கி விழுந்தானாம். கேள்விப்பட்ட அரங்கநாதனுக்கு மனசு ஆறவில்லை. அவர் இளகின மனசுக்காரர், அதுதான் அவருக்கு வினை. இனிமேல் வயிற்றுக்குப் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பது என்று முடிவு கட்டினார்.

அன்றிலிருந்து அப்படித்தான். சேதி வந்தால் ஆளை வரவழைப்பார், உட்கார வைப்பார், இலையைப் போடுவார். கை கழுவின பிறகு தோளில் கை வைத்துச் சொல்லுவார். அழுதுகொண்டே பஸ் ஏறினாலும் வயிற்றில் நாலு வாய் இருக்கும். இதைக் குறை சொல்ல யாராலும் முடியாது, என்னாலும் முடியாது.

போனில் பேசுகிறவர்களைப் பற்றியும் அவர் ஒன்று கற்றுக்கொண்டார். செத்துவிட்டார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நம் ஜனங்களுக்கு அது வாயில் வராது. நெலம மோசம், இன்னும் உசுரு இருக்கு, உடனே வரச் சொல்லுங்க என்பார்கள். போய்ப் பார்த்தால் மாலை போட்டுக் கிடத்தியிருக்கும். நாலு வருஷத்தில் அப்படி வந்த சேதியில் ஒன்றுகூட மெய்யாக உயிரோடிருந்ததில்லை. அதனால் உசுரு இருக்கு என்று காதில் விழுந்ததுமே அரங்கநாதன் உச்சுக்கொட்டிவிட்டு, உலையில் அரிசி போட்டாச்சா என்று சின்னம்மாளைக் கேட்பார்.

ஊர் சும்மா இருக்குமா? கண்டுபிடித்துவிட்டது. ஒருநாள் மிஞ்சின வடை இரண்டை, வீணாகப் போகிறதே என்று, டிராக்டர் ஓட்டுகிற மகேஷின் இலையில் சின்னம்மாள் வைத்தாள். ஐயோ எங்கம்மா என்று அவன் போட்ட கூச்சலில் ரோட்டில் போன பஸ் நின்றது. அவன் அம்மா வீட்டில் நிம்மதியாக மாவாட்டிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அரங்கநாதன் ஒவ்வொரு இலைக்கும் ஒரு சாக்குத் தேட வேண்டியதாயிற்று. நாக்குக் கூசாமல் பொய் சொல்லப் பழகிக்கொண்டார்.

இரண்டாயிரமாம் வருஷம், ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரைக்கு போன் அடித்தது. திருச்சியிலிருந்து யாரோ ஒரு பெரியவர், ஆஸ்பத்திரி வாசலில் பூத்திலிருந்து பேசினார். தன் மருமகனைச் சேர்த்திருக்கிறாராம், பக்கத்துக் கட்டிலில் தமிழழகன் என்று ஒரு பையன், கட்டட வேலையில் சாரம் சரிந்து அடிபட்டுக் கிடக்கிறான், இந்த நம்பரை அவன்தான் சொன்னான், உயிர் இருக்கிறது, அம்மாவைக் கேட்கிறான், உடனே அனுப்பிவையுங்கள் என்றார். மேலேயும் என்னவோ சொன்னார். அரங்கநாதன் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சரிங்க சரிங்க என்றபடி பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

தமிழழகன், கொளஞ்சியம்மாளின் ஒரே மகன். பத்தொன்பது வயசு. புருஷன் செத்த பிறகு களை வெட்டியும் பருத்தி எடுத்தும் அவனை ஆளாக்கினாள்.

"பாவி மக, இனி எப்பிடித்தான் இருக்கப் போறாளோ" என்றார் அரங்கநாதன்.

"உசுரு இருக்குன்னு தானே சொன்னாரு? இப்பவே சொல்லி பஸ் ஏத்தி விடுங்க" என்றாள் சின்னம்மாள்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. எனக்குத் தெரியாதா? நீ சோத்த வடி."

வெங்காயக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள் வந்து சேரும்போது மணி பத்து. இட்லி தீர்ந்துபோயிருந்தது, சாம்பார் இன்னும் கொதிக்கவில்லை. அரங்கநாதன் அவளை உட்கார வைத்து, கோயிலுக்கு வந்தவர்கள் முப்பது சாப்பாடு ஆர்டர் கொடுத்திருப்பதாகவும், சின்னம்மாளுக்குச் சளி பிடித்து நாக்கில் ருசி தெரியவில்லை, கொளஞ்சியம்மாள்தான் உப்பு உறைப்புப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் அளந்துவிட்டார். கூடப் போக ஒரு துணை வேண்டுமே என்று ரஞ்சன்குடியிலிருக்கிற அவள் தம்பி ஆண்டவருக்கும் சைக்கிளில் ஆள் அனுப்பினார். திருச்சி பஸ் ஒன்று கடை வாசலில் நின்று போனது. அப்புறம் இன்னொன்று. அரங்கநாதன் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பதறி என்ன ஆகப் போகிறது என்று நினைத்தார்.

பதினொன்றரைக்கு இலை விழுந்தது. அவளை யாரும் எதற்கும் கேட்டுச் செய்ததில்லை. கூலிக்காரியின் நாக்கை யார் மதிக்கிறார்கள்? அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெரிய மனுஷிபோல நிதானமாகச் சாப்பிட்டாள். புளி கொஞ்சம் தூக்கல் என்றாள். ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்துவிட்டு, இது சரியா இருக்கு என்றாள். அரங்கநாதன் இன்னும் ஒரு கரண்டி சோறு போடச் சொன்னார். வேண்டாம் என்றவளை வற்புறுத்தினார். என் மகனுக்கும் இந்தச் சாம்பார்னா உசுரு அண்ணே என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அதையும் சாப்பிட்டாள். சின்னம்மாள் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவே இல்லை.

கை கழுவின பிறகு சொன்னார். அப்போதும் பழக்கப்படி, அடிபட்டிருக்காம் என்று மட்டும்தான் சொன்னார். அவள் தலையிலடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். ஆண்டவர் வந்து, பஸ் பிடித்து, அவர்கள் ஏறும்போது பன்னிரண்டே முக்கால்.

அவள் போய்ச் சேர்ந்தது இரண்டேகால் மணிக்கு. ஒன்றரைக்குத்தான் போனான் என்று நர்ஸ் சொன்னாளாம். நல்ல நினைவோடு, கதவைப் பார்த்தபடியே கிடந்தானாம்.

பிணத்தோடு வந்த ஆண்டவர் இதைச் சொன்னபோது அரங்கநாதன் பாடை கட்டக் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கயிற்றை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். ஒன்றரை. பத்து மணிக்கு அவளை ஏற்றி விட்டிருந்தால் பன்னிரண்டுக்குள் போயிருப்பாள். மகன் பக்கத்தில் முழுசாக ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருப்பாள். இந்தக் கணக்கு எத்தனை முறை போட்டாலும் மாறவில்லை.

போன் எத்தனை மணிக்கு வந்தது என்று கொளஞ்சியம்மாளுக்குத் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்திருக்கும் என்றே நினைத்திருந்தாள். அதனால் அவள் யாரையும் திட்டவில்லை, தன்னையே திட்டிக்கொண்டாள். காரியம் முடிந்து ஒரு மாதம் ஆகியும் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதே பேச்சு. எம்புள்ள சாகக் கெடக்கான், நான் உப்புப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன், ரெண்டாந்தரம் சோறு வாங்கித் தின்னேன் என்பாள். சோற்றைத் தொடுவதையே விட்டுவிட்டாள். நீர்த்த கஞ்சியும் டீத்தண்ணியும்தான். காட்டு வேலைக்குப் போனவள் இரண்டு முறை வரப்பில் விழுந்து கிடந்தாள்.

சின்னம்மாளுக்குப் பொறுக்கவில்லை. நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டாள். அவள் அப்படிக் கேட்டது நியாயம்தான். செய்தவர் ஒருவர், பட்டினி கிடப்பவள் இன்னொருத்தியா?

கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம், தீப்பெட்டி வாங்க வந்தவளை அரங்கநாதன் நிறுத்தினார். கடையில் வேறு ஆளில்லை. கல்லாவைப் பிடித்துக்கொண்டு, மென்று முழுங்கிச் சொல்லி முடித்தார். போன் ஒன்பதரைக்கே வந்தது. முப்பது சாப்பாடு ஆர்டர் என்றது பொய். வழக்கமாகச் சொல்கிற மாதிரிதான் சொல்கிறார்கள், பையன் முடிந்துவிட்டான் என்று நினைத்துத் தான்தான் அவளை உட்கார வைத்துவிட்டதாகச் சொன்னார்.

"எம்மேல மண்ண வாரித் தூத்து கொளஞ்சி. ஓம்மேல தப்பில்ல. நீ சோறு தின்னும்மா" என்றார்.

அடிப்பாள், சாபம் விடுவாள் என்று எதிர்பார்த்தார். எதையும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார். அவளோ கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, அவர் முகத்தையே பார்த்தாள். ஒரு மாதத்துக்கு அப்புறம் அப்போதுதான் அவள் கண்ணில் கொஞ்சம் உயிர் தெரிந்தது.

"அப்ப எம்புள்ள ஒங்ககிட்டதான் கடேசியா சொல்லி வுட்டிருக்கான். அங்க யாருக்கும் ஒண்ணுந் தெரியலண்ணே. அந்தப் பெரியவரயும் தேடிப் பாத்தேன், போயிட்டாரு. என்ன சொல்லச் சொன்னான்? அவன் சொன்னத அப்பிடியே சொல்லுங்க."

பெரியவர் சொல்லத்தான் செய்தார். பையன் அம்மாவிடம் சொல்லச் சொன்னதாக இரண்டு மூன்று வார்த்தை, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். செத்தவன் எங்கே சொல்லப் போகிறான், சும்மா மனசைத் தேற்றச் சொல்கிறார் என்று அரங்கநாதன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிறுத்தது முக்கால் கிலோ துவரம்பருப்பு என்பது நினைவிருந்தது. வாங்கினது அம்சவள்ளி என்பதும் நினைவிருந்தது.

நீ நல்லா இருக்கணும்னு சொன்னான், வேளைக்குச் சாப்பிடச் சொன்னான் என்று பொய்கள் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. நாலு வருஷப் பழக்கம், தங்குதடையில்லாமல் வரும். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குச் சொல்ல முடியவில்லை.

"நான் கேக்கல கொளஞ்சி. அவரு சொன்னாரு, நான் காதுல வாங்கல."



"அவசரமில்லண்ணே. நெனச்சுப் பாருங்க. நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பின்னால் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு இருட்டின பிறகுதான் எழுந்து போனாள். மறுநாளும் வேலை விட்டதும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். சின்னம்மாள் இலையைப் போட்டால், எடுத்துருங்க அண்ணி என்று தள்ளி வைப்பாள். அரங்கநாதன் அந்தப் பக்கம் போனால் மட்டும் தலை நிமிரும்.

"ஒரு வார்த்தையாச்சும் வருதாண்ணே?" என்று கேட்பாள்.

அவர் இல்லை என்று தலையாட்டுவார். அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, நாளைக்கு வரேன் என்று சொல்லிவிட்டுப் போவாள்.