தேக்குத் தரையின் சத்தம்

மாட்டுங்காவில் எங்கள் பழைய கட்டடத்துக்குத் தரை, படி, உத்தரம் எல்லாமே தேக்கு. வெயிலில் சுடாது, மழையில் சில்லிடாது. நடந்தால் மட்டும் கிறீச்சிடும். மனைவி போனபின், பேச ஆளில்லாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பேன். கீழ்வீட்டு மாமி எரிச்சலில் துடைப்பக்கட்டையால் கீழிருந்து இடிப்பார்.

ஒருமுறை காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். கதவு தட்டும் சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தேன். கையில் ரசத்தோடு மாமி.

"நேத்துலேர்ந்து நீங்க நடக்கற சத்தமே கேக்கலையே மாமா. மனசு கேக்கலை, வந்துட்டேன்."

செம்பூரில் புது ஃப்ளாட் வாங்கியிருக்கும் மகன் போனில் கூப்பிடுகிறான்.

"இங்க வந்துடுங்கோப்பா. நீங்க எவ்வளவு நடந்தாலும் கீழ ஒருத்தருக்கும் கேக்காது."

அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.