சயான் முகவரியில் ஒரு ரௌட்டர்

இந்த ஊரில் ஒருவரிடம் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டால் தெருப் பெயரைச் சொல்லமாட்டார், ரயில்வே ஸ்டேஷன் பெயரைச் சொல்வார். முலுண்ட் என்பார், செம்பூர் என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே எங்கள் பக்கத்தில் புதுமுகம் ஒன்றைப் பார்த்துவிட்டால் எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன், அம்மாவுக்கு எந்த ஊர் என்று கேட்டுத் தீர்த்த பிறகுதான் தண்ணீரே கொடுப்பார்கள். வந்த புதிதில் மும்பைக்காரர்கள் ஒன்றும் கேட்காமல் விடுவது எனக்கு விசித்திரமாக இருந்தது. பிறகு அதில் ஒரு சௌகரியத்தைக் கண்டுகொண்டேன். நான் குடியிருக்கும் தாராவியின் பெயரில் ஸ்டேஷன் கிடையாது. ஒரு பக்கம் சயான், ஒரு பக்கம் மாகிம், இன்னொரு பக்கம் மாட்டுங்கா. எதைச் சொன்னாலும் முழுப் பொய்யாகாது. ஃபோர்ட் என்கிற கோட்டைப் பகுதியில் நான் கணக்கு பார்க்கும் ஆபீஸில் இத்தனை வருடமாக நான் சயான்காரன்.

ரௌட்டர் வாங்கியபோதும் அப்படித்தான். என் மனைவி கனி போனில் நேரலையாக நைட்டி விற்கிறாள். எங்கள் சந்திலேயே தைத்து வாங்கி, ஒவ்வொன்றாகக் கையில் விரித்துக் காட்டுவாள். சங்கரன்கோவில், புளியங்குடி, கழுகுமலை என்று ஊர்ப்பக்கத்துப் பெண்கள் பார்த்து வாங்குவார்கள். கேமராவில் துணியும் அவள் கைகளும் மட்டும்தான் தெரியும். எங்கள் அறை உட்சந்தில் மாடியில் இருப்பதால் போன் சிக்னல் அங்கே வந்து சேர்வதற்குள் களைத்துவிடும். அதனால் வைஃபை போட்டோம். ரௌட்டருக்கு வாரண்டி பதியும்போது முகவரி என்று கேட்ட இடத்தில் சயான் என்று எழுதி, தினமும் ஆபீஸுக்குப் போகும் வழியில் பார்க்கிற ஓர் உயர்ந்த கட்டடத்தின் பெயரையும் சேர்த்தேன். யாரும் கேட்கப்போவதில்லை என்று நினைத்தேன்.

தீபாவளி விற்பனை சூடுபிடித்த நேரத்தில் ஒரு காலை ரௌட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டன. பிளக்கை மாற்றிப் பார்த்தேன், அழுத்திப் பிடித்துப் பார்த்தேன், உயிர் வரவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் எண்ணை அழுத்து, காத்திரு, மறுபடி எண்ணை அழுத்து என்று சுற்றவிட்டு, கடைசியில் ஒரு பெண் வந்தாள். கூரியர்காரர் வீட்டுக்கே வந்து பழையதை எடுத்துக்கொள்வார், சோதித்துவிட்டு வேறு அனுப்புவோம் என்றாள். எந்த வீட்டுக்கு என்று எனக்குத்தான் தெரியும்.

அன்று ஆபீஸுக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, அட்டைப் பெட்டியுடன் அந்தக் கட்டடத்தின் கேட்டில் போய் நின்றேன். கூரியர்காரர் வந்தார். இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். வீட்டு வாசலில் வைத்துப் பெட்டியைப் படமெடுக்க வேண்டும், எந்த விங், எந்த ஃப்ளாட் என்று கேட்டார். நான் மேலே பார்த்தேன். அத்தனை பால்கனிகளில் எதைச் சொல்வது? அதற்குள் வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "யே சாப் இதர் கே நஹி ஹை" என்றார். இவர் இங்கே இருப்பவர் இல்லை. அதில் கேலி இல்லை, கோபமும் இல்லை. உள்ளதைச் சொன்னார். கூரியர்காரர் தன் போனில் ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார். முகவரியில் ஆள் இல்லை என்று சற்று நேரத்தில் எனக்கு மெசேஜ் வந்தது.

"நம்ம வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கலாம்லா?" என்றாள் கனி.

"இந்தச் சந்துக்குள்ள எவன் வருவான்?"

"எனக்குத் தெனம் பார்சல் எடுக்க வாராங்களே, அவங்க எந்த வழியா வாராங்களாம்?"

சனிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து, இருவருமாகச் செம்பூரில் இருந்த சர்வீஸ் சென்டருக்குப் போனோம். கனி ரௌட்டரை ஒரு நைட்டித் துணியில் சுற்றித் தன் பையில் வைத்திருந்தாள். எத்தனை வாடிக்கைக்காரிகள் போன் போட்டுவிட்டார்கள், இன்றைக்கே மாற்றித் தந்துவிடுவார்களா என்று பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தாள்.

உள்ளே குளிர்ந்த காற்று, கண்ணாடி மேசை, நல்ல கூட்டம். எங்கள் முறை வந்தபோது, கவுண்டரில் இருந்த பெண் மூடியைத் திருகிக் கழற்றினாள். உள்ளிருந்து கரப்பான் குஞ்சுகள் பொலபொலவென்று வெளியேறி அந்த வெள்ளை மேசையில் ஓடின. பின்னாலேயே பெரியது ஒன்று, நிதானமாக. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகினார். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் ஒரு காகிதத்தால் அவற்றைத் தட்டிவிட்டு, இது எங்கே வைத்திருந்தது என்று கேட்டாள். திரையைப் பார்த்து, "சயான்?" என்றாள்.

நான் யோசிக்கும் முன்னால் என் வாய் பேசியது. "ஹமாரே கர் மே நஹி தா. காம்வாலி கோ தியா தா. வோ தாராவி மே ரஹ்தி ஹை." எங்கள் வீட்டில் இல்லை, வேலைக்காரிக்குக் கொடுத்திருந்தோம், அவள் தாராவியில் இருக்கிறாள். ஊரிலிருந்து ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் வந்தவன் நான். அன்று ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

அந்தப் பெண் புரிந்ததுபோல் தலையாட்டினாள். பிறகு அவள் பார்வை எனக்கு ஓரடி பின்னால், பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்ற கனியிடம் போனது. அங்கேயே நின்றது. அவள் கனியைப் பார்த்து, நல்ல தன்மையாகத்தான், ஒருவர் நம்பிக் கொடுத்த பொருளைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டாமா என்று இந்தியில் கேட்டாள்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். என் மனைவி என்று இரண்டு சொல். நான் மேசையில் கிடந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஹாங் மேடம், ஆகே சே சாஃப் ரக்கூங்கி" என்றாள். இனிமேல் சுத்தமாக வைத்துக்கொள்கிறேன்.

பூச்சி புகுந்து கெட்டால் வாரண்டி செல்லாது என்று ரௌட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் பையை வாங்கக் கை நீட்டினேன். "எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். நான் கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடம் இருந்தது. உட்கார முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். நான் "கனி" என்று ஆரம்பித்தபோது தடுத்துவிட்டாள்.

"வேலைக்காரின்னு சொன்னதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. கல்யாணமாகி வந்த புதுசுல மாட்டுங்கால பாத்திரம் தேய்ச்சவதான நான். அந்தச் சம்பளத்துலதான இந்த ரூமுக்கு டெபாசிட் கட்டினோம். அதுக்கு நான் என்னைக்கும் வெக்கப்பட்டதில்ல. நம்ம வீட்டை நம்ம வீடு இல்லன்னு சொல்லிட்டீங்களே, அதாம்."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஊருக்குப் போகும்போதும் நான் இதைத்தான் செய்கிறேன். அங்கே பம்பாயில் வீடு என்பேன். எவ்வளவு பெரிய வீடு என்று யாராவது கேட்டால், போதுமான வீடு என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். என் தங்கை முப்பிடாதி பிள்ளைகளோடு லீவுக்கு வருகிறேன் என்று பலமுறை கேட்டும், மழை, வெயில், ஆபீஸில் ஆடிட் என்று தட்டிக் கழித்திருக்கிறேன். இங்கே உள்ளவர்களிடம் சயான் வீடு, அங்கே உள்ளவர்களிடம் பம்பாய் வீடு. கனி பெருக்கித் துடைத்து, பிள்ளைகளோடு நாங்கள் தின்று தூங்கி எழும் இந்த அறையை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் கனி தாராவி தொண்ணூறடி ரோட்டுக் கடையில் தன் பணத்தில் வேறு ரௌட்டர் வாங்கிவந்து, பழையது இருந்த அடுப்படிப் பலகையில் வைக்காமல் சுவரின் உயரத்தில் ஆணியடித்து மாட்டினாள். அந்த வாரமே விற்பனையைத் தொடங்கிவிட்டாள்.

விற்பனை நடக்கும்போது அறையில் இன்னொருவர் நிற்க இடமிருக்காது. நான் ஆபீஸிலிருந்து வந்து, வழக்கம்போல் மாடிப்படியின் மேல்படியில் நின்றுகொண்டு போனைத் திறந்து பார்த்தேன். மெரூன் நிறத்தில் ஒரு நைட்டியைக் காட்டிக்கொண்டிருந்தவள் அதைக் கீழே வைத்தாள்.

"எங்க இருக்கீங்க அக்கா, வீட்டைக் காட்டுங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பீங்கள்லா? பாத்துக்கிடுங்க. இது தாராவி. இந்த ஒரு ரூம்தான் மொத்த வீடும்."

கேமரா மெல்லத் திரும்பியது. கேஸ் அடுப்பு, கவிழ்த்து வைத்த பாத்திரங்கள், பிள்ளைகள் படுக்கும் பரண், கொடியில் என் ஆபீஸ் சட்டை. நான் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டேன். திரையில் வேகவேகமாக வந்துகொண்டிருந்த வாடிக்கைக்காரிகளின் எழுத்துகள் நின்றுவிட்டன. பிறகு யாரோ ஒருத்தி, "இவ்வளவுதானா அக்கா" என்று எழுதிக் கேட்டாள்.

"இவ்வளவுதாம்மா. ஆனா எங்களது."

இன்னொருத்தி அந்த மெரூன் எக்ஸ்எல் சைஸில் இருக்கிறதா என்று கேட்டாள். கனி சிரித்துக்கொண்டே துணியை எடுத்தாள். அப்போது திரையில் என் தங்கையின் பெயர் வந்தது. "மதினி, அண்ணன் எங்க?"

கனி அதைப் படித்தாள். ஒரு கணம் கதவுப் பக்கம் பார்த்தாள்.

"ஒங்க அண்ணன் வெளிய நிக்காவ" என்றாள்.

அவள் குரல் முதலில் ஒருக்களித்திருந்த கதவு வழியாக வந்தது. கொஞ்சம் பொறுத்து, அதே சொற்கள், ஊரில் என் தங்கைக்குக் கேட்கும் அதே நேரத்தில், என் கையிலிருந்த போனில் மறுபடி கேட்டன.