மாப்பிள்ளை முன்னிலையில் சொல்லாதது

2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் பன்னிரண்டாம் நாள். விடியலில் மூடுபனி, பொழுது ஏற ஏறச் சுள்ளென்று வெயில்.

செட்டிகுளத்துப் பஞ்சவர்ணம் கணவன் இறந்த பின் வெங்காயக் காட்டிலும் வெங்காயம் சேர்த்துவைக்கும் பட்டறையிலும் குனிந்தே பாடுபட்டு, மகள் ஜெயசுதாவைக் கட்டிக்கொடுத்தவள். தை பிறந்ததிலிருந்து அவளுடைய இடுப்பில் ஒரு பிடிப்பு. பிறகு வலக்காலில் எறும்பு ஊர்வதுபோல் சுருசுருப்பு; தொடையிலிருந்து பாதம் வரை மின்னல் வெட்டியதுபோல் வலி. கால்தானே வலிக்கிறது என்று காலுக்கே தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்தாள்.

அன்று பட்டறையில் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தவள் எழ முயன்றாள். கால் ஊன்றவில்லை, சரிந்தாள். புடவை நனைந்திருப்பதை அப்போதுதான் கண்டாள். நனைந்ததை அவள் உடம்பு உணரவே இல்லை. பிறர் கண்ணில் படுமுன் அருகிலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தன்மேல் தானே கவிழ்த்துக்கொண்டாள்.

"குடிக்கிற தண்ணிய ஏன்டி கொட்டிக்கிட்ட? மகாராணிக்குக் குளிக்க வேற நேரமில்லியா?" என்று கூட வேலை செய்த பொன்னம்மாள் நொடித்தாள். ஆயினும் மகள் வீட்டுக்குப் போன் போட்டது அவள்தான்.

ஜெயசுதா பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. ஆகவே மருமகன் ராஜவேல்தான் ஆட்டோ பிடித்து வந்தான். அவன் எதிரே நின்றுகூடப் பேசாத பஞ்சவர்ணம், அவன் தோளைப் பற்றிக்கொண்டு பெரம்பலூர் ஆஸ்பத்திரிப் படி ஏற வேண்டியதாயிற்று. உடம்பு குன்றிப்போனது.

"ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருக்காம்மா?" என்று டாக்டர் ஹேமலதா கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. காலுதான்."

டாக்டர் விடவில்லை. "வலி காலுல இருந்தாலும் கோளாறு இடுப்புல. முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் பிதுங்கி, காலுக்கு எறங்கற நரம்ப அமுக்குது. முக்காவாசிப் பேருக்கு மருந்துலயும் ஓய்வுலயும் சரியாயிரும். ஆனா ஒண்ணுக்குப் போறதே தெரியலேன்னா அது அவசரம். ஒடனே ஸ்கேன் எடுத்து ஆபரேஷன் பண்ணணும். மறைச்சா அப்புறம் திரும்பாமலே போயிரும்."

பஞ்சவர்ணம் தலை நிமிரவில்லை. விரல்கள் ஈரமுந்தானையை முழங்காலின்மேல் இழுத்து இழுத்து மூடின. ராஜவேல் அதைப் பார்த்தான்.

"அத்த, நான் போயி ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

அவன் டீயே குடிப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு போனான். கண்ணீர் மடியில் விழுந்தது.

டாக்டர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். "இப்ப சொல்லுங்கம்மா. ஒண்ணுக்குப் போறது ஒங்களுக்குத் தெரியுதா?"

"தெரியல தாயி. பொடவை நனைஞ்சப்புறந்தான் பாத்தேன்."