எதிரெதிர் ஜன்னல்

காஞ்சிபுரத்தில் மழைக்கு எனக்குப் பழக்கமான ஒரு நெசவாளர் வீட்டில் ஒதுங்கியிருக்கிறேன். ஒரே தறியில் கணவனும் மனைவியும் தோளுரச உட்கார்ந்திருக்கிறார்கள். சேலையின் உடலை அவர் நெய்கிறார். வலப்பக்கக் கரைக்கு, நூல் கண்டு வைத்த நாடாவைக் குறுக்கே ஓட்டுவது அந்த அம்மா. தறியில் ஏற்றிய இந்தப் பாவு நூல் நெய்து முடிந்ததும் இருவரும் விசாகப்பட்டினம் போகிறார்களாம். மலையும் கடலும் ஒட்டியே இருக்கும் ஊர் என்று ஆசை காட்டியது நான்தான். அதனால் ரயில் டிக்கெட் போடும் வேலையும் என் தலையில்.

"பக்கத்துப் பக்கத்து சீட்டா போடட்டுமா?"

அவர் தலையாட்டுகிறார். அந்த அம்மா நாடாவை நிறுத்துகிறார்.

"வாணா தம்பி, எதிரெதிர் ஜன்னலா போடு. கல்யாணம் ஆனதுலேந்து பக்கத்துலயேதான் உக்காந்துக்கினு இருக்கோம். ஒரு தடவ இவரு மூஞ்சியப் பாத்துக்கினு போறேன்."

அவர் அறுந்த இழையைத் தேடுவதுபோல் குனிகிறார். தறியில் எந்த இழையும் அறுந்திருக்கவில்லை.