பலூன் கப்பலின் மரக்கொட்டகை

போர்க்கால ராணுவ பலூன் கப்பல்களுக்காக மரத்தாலேயே கட்டிய ராட்சதக் கொட்டகையைப் பார்க்க, துபாய் சத்வாவிலிருந்து டாக்ஸி பிடித்து ஷார்ஜாவுக்கு வந்திருக்கிறேன். ஆனால் அது இருப்பது அமெரிக்காவில். செல்போனில் வந்த படத்துக்குக் கீழேயே எழுதியிருக்கிறது. நான் படத்தை மட்டும் பார்த்து, ஷார்ஜாவில் எழும்பும் மர வளைவுதான் அது என்று கிளம்பியவன்.

இறங்கிய இடத்தில் ஒரு விருந்து மண்டபத்துக்கு மர வளைவு ஏற்றியிருக்கிறார்கள். அதைத் தாங்கி நிற்கும் முட்டுக்கட்டைகளை இனி உருவ வேண்டும். அறந்தாங்கித் தச்சர் முருகேசன் தயங்கி நிற்கிறார். அவர் பொறுப்பில் நடக்கும் முதல் வேலை.

"இரும்புன்னா தைரியமா உருவலாம் சார். இது அசைஞ்சா நான் பழையபடி பலகை அடிக்கத்தான் போகணும்."

செல்போனில் படத்தைக் காட்டுகிறேன். உலகப் போரில் இரும்பெல்லாம் போர்க்கப்பலுக்குப் போனதால் மரத்தில் கட்டினார்களாம். பலூன்கள் போய்விட்டன, கொட்டகைகள் சில இன்னும் நிற்கின்றன.

அவர் படத்தை விரலால் பெரிதாக்குகிறார். "நடுவுல ஒரு தூண்கூட மாஃபி, இல்லவே இல்ல!"

நான் விடாமல் விளக்கத்தைத் தொடர்கிறேன். "யல்லா, உருவுங்கப்பா!" என்று முருகேசன் ஆட்களைப் பார்த்துக் கத்துகிறார்.

கடைசிக் கட்டையும் வருகிறது. வளைவு ஒருமுறை முனகிவிட்டு அப்படியே நிற்கிறது. முருகேசன் தலைக்கவசத்தைக் கழற்றிச் சிரிக்கிறார்.

டீ குடிக்கும்போது, "வரலாறு தைரியம் கொடுத்ததோ?" என்று கேட்கிறேன்.

"அட போங்க சார். வேற எப்படி உங்க பேச்சை நிறுத்துறது?"