மணப்பெண் அனுப்பிய ஒரு சொல்

பக்கத்து வீட்டு நெசவாளர் ஒரு கல்யாணப் புடவைக்கு நீளவாக்கில் ஓடும் பாவு நூலைச் சாயத்துக்குக் கொடுக்க இருந்தார். மாதிரிக்குச் சாயம் தோய்த்த சிறு நூல்கண்டைப் படமெடுத்து, சென்னையில் இருக்கும் மணப்பெண்ணுக்கு அனுப்பினார். பதிலாக வந்தது ஓர் ஆங்கிலச் சொல்: டல். நான் பத்திரிகையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் என்பதால் என்னிடம் வந்தார்.

“இன்னா சார் சொல்லுது அந்தப் பொண்ணு?”

மங்கல், வெளிறல், மினுப்பில்லை, எடுப்பாக இல்லை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவருக்கு வேண்டியது அதில் ஒன்றுதான், எது என்று. பாவில் சாயம் ஏறிவிட்டால் மாற்ற முடியாது. முகூர்த்தத்துக்குள் வேறு பாவு போட நாளும் இல்லை.

பெண்ணுக்குப் போன் செய்தேன்.

“டல்னா டல்தான் அங்கிள். ஒரு லைஃப் இல்ல” என்று வைத்துவிட்டாள்.

“நாலு அர்த்தம் சொன்னீங்க, இப்ப அஞ்சாவதும் சேர்ந்துடுச்சு” என்றார் நெசவாளர்.

வேறு புடவை ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு, நூல்கண்டை நேரில் காட்ட சென்னை பஸ் ஏறினார். சாயப்பட்டறைக்குத் தகவல் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

“அடுப்பு மூட்டிட்டேனே, ஏன் சார்?” என்று சாயக்காரர் கடுகடுத்தார்.

அஞ்சு அர்த்தத்தையும் விட்டுவிட்டு, பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.